ஆறாவது விரலும் தேவசாயலும்: ஒரு கேள்வி

எல்லைக்கல் | ஞாயிறு, மாலை 4.10

எங்கள் சபை களியக்காவிளைக்குப் பக்கத்தில். ஓய்வுநாள் பள்ளியில் 11 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் வாரநாட்களில் எல்லை தாண்டி மலையாளப் பள்ளிக்குப் போகிறவர்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறுவார்கள். அதனால் படம் வரையவைத்தே பாதிப் பாடத்தை நடத்திவிடுவேன்.

இன்றைக்கு ஆதியாகமம் முதல் அதிகாரம். "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்." இந்த வசனத்துக்கு எப்போதும் சொல்லும் விளக்கத்தைத்தான் சொன்னேன். குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "பிள்ளை யார் சாயல்?" அப்பா மூக்கு, அம்மா கண் என்போம் இல்லையா, அதுபோல நாம் எல்லாரும் கடவுள் சாயல். அப்புறம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, கடவுளுடைய கையை வரையச் சொன்னேன்.

ஒரு பையன், ஒன்பது வயது. வலது கையில் சுண்டுவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு விரல் உண்டு. பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதுபோல வலது கையைத் தாளில் விரித்து வைத்து, இடது கையால் பென்சில் பிடித்துச் சுற்றி வரைந்தான். கோடு கோணலாகப் போனாலும் ஆறு விரலும் அப்படியே வந்துவிட்டன. பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, "கடவுளுக்கு ஆறு விரலா?" என்று சிரித்தான். வகுப்பே சிரித்தது. இவன் அழவில்லை. "டீச்சர்தானே நம்ம மாதிரின்னு சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ரப்பரை எடுத்து அந்த விரலை அழிக்க ஆரம்பித்தான். அழுத்தி அழுத்தி அழித்ததில் அந்த இடத்தில் தாள் பஞ்சாகப் பிரிந்து ஓட்டை விழுந்துவிட்டது.

எனக்குப் பதில் வரவில்லை. "கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார்" என்று ஏதோ சொல்லிப் பாட்டைத் தொடங்கிவிட்டேன். அந்தத் தாள் இப்போது என் பைபிளுக்குள் இருக்கிறது.

மனிதன் கடவுளைப்போல இருக்கிறான் என்பது உண்மையா? உண்மை என்றால் எதில்? இல்லை என்றால் ஏன் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? வேதம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், நம்பாதவர்கள், யாரானாலும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

ரப்பர்க்காடு | ஞாயிறு, மாலை 5.02

அக்கா, சாயல் என்றால் உடம்பு இல்லை. தேவன் ஆவியாயிருக்கிறார் என்று யோவான் 4:24 சொல்கிறது. ஆவிக்கு ஏது கை, ஏது விரல்? நமக்குள் இருக்கும் ஆத்துமா, நல்லது கெட்டது அறியும் புத்தி, பேசும் திறன், இவைதான் அவர் சாயல். மிருகங்களுக்கு இவை இல்லை. அடுத்த வாரம் இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள், தீர்ந்தது.

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 6.40

தீரவில்லை தம்பி. புத்தியும் பேச்சும்தான் சாயல் என்றால் என் அண்ணன் மகளை எங்கே வைப்பீர்கள்? அவளுக்கு 22 வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு ஊட்டிவிட வேண்டும். விடியற்காலை அண்ணன் ரப்பர் பால் எடுக்க வாளியைத் தூக்கும்போது கைப்பிடி 'கிணுங்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் மலரும். அவளுடைய பேச்சு முழுக்க அதுதான்.

நான் 30 வருடம் செவிலியாக வேலை பார்த்தவள். மறதி நோய் வந்த எத்தனையோ வயதானவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். கட்டின மனைவியின் பெயர் மறந்துபோன மனிதரிடம் தேவசாயல் குறைந்துபோகுமா? உடம்பில் வைத்தால் அந்தப் பையன் வெளியே நிற்கிறான், புத்தியில் வைத்தால் என் பிள்ளை வெளியே நிற்கிறாள். எதில் கொண்டு வைத்தாலும் யாரோ ஒருவர் வெளியே நின்றுவிடுகிறார். எனக்கும் இந்தக் கேள்வி ரொம்ப நாளாக உண்டு.

பாறசாலை_வாசகன் | ஞாயிறு, இரவு 9.15

நான் கோயிலுக்கும் போகிறதில்லை, சர்ச்சுக்கும் போகிறதில்லை. ஆனாலும் டீச்சரின் கேள்வி மனதைத் தொட்டுவிட்டது. நம்பிக்கையுள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

ஏறக்குறைய 2,500 வருடம் முன்பு ஜெனோபனீஸ் என்று ஒரு கிரேக்கர் இருந்தார். எத்தியோப்பியர்கள் தங்கள் தெய்வங்களுக்குச் சப்பை மூக்கும் கறுப்பு நிறமும் என்கிறார்கள், திரேசியர்கள் தங்கள் தெய்வங்களுக்கு நீலக் கண்ணும் செம்பட்டை முடியும் என்கிறார்கள் என்று எழுதினார். மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்து படம் போடத் தெரிந்தால், மாடு மாட்டைப்போலவும் குதிரை குதிரையைப்போலவும் கடவுளை வரையும் என்றும் சொன்னார். 1841-இல் ஜெர்மனியில் ஃபாயர்பாக் என்ற தத்துவவாதி இதையே ஒரு முழுப் புத்தகமாக எழுதினார்: மனிதன் தன்னிடம் உள்ள சிறந்ததையெல்லாம் எடுத்து வெளியே நிறுத்தி அதற்குக் கடவுள் என்று பெயர் வைக்கிறான், கடவுளைப் பற்றிய பேச்செல்லாம் மனிதனைப் பற்றிய பேச்சுத்தான் என்பது அவர் வாதம்.

தூரத்துக்குப் போகவே வேண்டாம். நம் திருவிதாங்கூர்க்காரர், கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நம் ஊர்ப் பெண்களின் முகத்தைக் கொடுத்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் போட்டு அந்தப் படங்களை அடித்துவிட்டார்கள். அதற்குப்பின் பிறந்த நம் பாட்டிமார் கண்ணை மூடிக் கும்பிட்டால் மனதில் வந்து நிற்பது அந்த முகம்தான். உங்கள் வீடுகளில் தொங்குகிற, பழுப்பு முடியும் வெள்ளைத் தோலுமாக இருக்கும் இயேசு படம் 1940-இல் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்தது. பாலஸ்தீனத்தில் பிறந்த ஒரு யூதத் தச்சர் அப்படி இருந்திருப்பாரா?

அந்தப் பையனும் தன் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து இதுதான் கடவுளின் கை என்றான். மனிதகுலம் முழுக்கச் செய்துவருவது அதைத்தான். அவன் கையில் ஆறு விரல் இருந்ததால் மட்டும் நமக்கு அது கண்ணில் பட்டது. மற்றப் பிள்ளைகளின் ஐந்து விரல் கையை யாரும் கேள்வி கேட்கவில்லை, பார்த்தீர்களா?

எல்லைக்கல் | ஞாயிறு, இரவு 9.48

கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன். உண்மைதான், அந்த ஐந்து விரல் படங்களை எல்லாம் "நல்லா இருக்கு" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஏடும்_எழுத்தும் | திங்கள், காலை 7.30

நான் இறையியல் படிக்கிறேன், எபிரெயம் கொஞ்சம் தெரியும். அதற்கு முந்தின வசனத்தில் (1:26) சாயல், ரூபம் என்று வருகிற இரண்டு சொற்களுக்கும் எபிரெயத்தில் 'ட்செலெம்', 'தெமூத்' என்று பெயர். 'ட்செலெம்' சாதாரணமாகச் சிலையைக் குறிக்கும். எண்ணாகமம் 33:52-இல் கானானியரின் விக்கிரகங்களை உடைக்கச் சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது.

1979-இல் சிரியாவின் வடகிழக்கில் தெல் ஃபெகெரியே என்ற இடத்தில் ஒரு ராஜாவின் கற்சிலை கிடைத்தது. கிறிஸ்துவுக்கு முன் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்காடியம், அரமேயம் என்று இரண்டு மொழியில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அரமேயப் பகுதியில் அந்தச் சிலையைக் குறிக்க ஆதியாகமத்தின் இந்த இரண்டு சொற்களுக்கும் உறவான சொற்கள் இரண்டுமே வருகின்றன. அதாவது ராஜா நேரில் இல்லாத இடத்தில் அவர் சார்பாக நிற்பது அந்தச் சிலை. எகிப்திலும் இப்படித்தான். துத்தன்காமுன் என்ற பெயருக்கே 'அமுன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்' என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாடுகளில் தெய்வத்தின் உருவம் என்ற பட்டம் பெரும்பாலும் ராஜாவுக்குத்தான் சேரும். உழுகிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் கிடையாது. ஆதியாகமம் அதை எடுத்து மனிதர் எல்லாருக்கும் கொடுக்கிறது, "ஆணும் பெண்ணுமாக" என்று சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறது. ஆகவே மூக்கையும் விரலையும் ஒப்பிடுகிற பேச்சு இது இல்லை, கடவுளின் சார்பாக நிற்கும் பொறுப்பைப் பற்றிய பேச்சு என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். எல்லைக்கல் அரசாங்கத்தைப் போலவா இருக்கிறது? அரசாங்கத்தின் சார்பாக நிற்கிறது.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 5:3-இல் ஆதாம் தன் ரூபத்தில், தன் சாயலில் சேத்தைப் பெற்றான் என்று அதே இரண்டு சொற்களும் வருகின்றன. அங்கே அப்பா-மகன் ஜாடையை ஒதுக்கவே முடியாது. டீச்சர் சொன்ன "பிள்ளை யார் சாயல்" விளக்கத்தை முழுத் தப்பு என்று தள்ள எனக்கு மனம் வராததற்கு இதுவும் காரணம்.

இன்னொரு சம்பவம் சொல்கிறேன். 399-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோபிலஸ், கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று கடிதம் அனுப்பினார். எகிப்துப் பாலைவனத்துத் துறவிகள் பலர் அதை ஏற்கவில்லை. செராப்பியோன் என்ற கிழத் துறவி, பிறர் விளக்கிச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். ஆனால் ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும், இதுவரை மனதில் பார்த்துவந்த முகம் இல்லாமல் போனதால் தரையில் விழுந்து அழுதார். என் கடவுளை எடுத்துக்கொண்டார்களே, இனி யாரைப் பிடித்துக்கொள்வேன், யாரைத் தொழுவேன் என்று அழுததாக அதே காலத்துத் துறவி யோவான் காசியன் எழுதிவைத்திருக்கிறார். சரியான விளக்கத்தைக் கொடுத்து ஒரு கிழவரை அநாதை ஆக்கிவிட்டார்களோ என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

எல்லைக்கல் | திங்கள், இரவு 8.20

தம்பி, பொறுப்பு என்கிற விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் இன்று முழுக்க வேலைக்கு நடுவே வேதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். மனதில் தைத்தவற்றை எழுதுகிறேன்.

"ஆணும் பெண்ணுமாக" என்று முதல் அதிகாரம் சொல்கிறது, சரி. 1 கொரிந்தியர் 11:7-இல் பவுல் என்ன சொல்கிறார்? புருஷன் தேவனுடைய சாயலும் மகிமையுமாயிருக்கிறான், ஸ்திரீயானவள் புருஷனுடைய மகிமையாயிருக்கிறாள். சின்ன வயதில் முக்காடு போட மறந்தால் இந்த வசனத்தைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவார்கள். எல்லாருக்கும் கொடுத்ததாகச் சொல்லும் சாயலை, இரண்டாவது வரிசையில் நின்று வாங்கிக்கொள் என்று எனக்குச் சொன்னதுபோல இருந்தது.

லேவியராகமம் 21-இல் ஆசாரியர் வம்சத்தில் அங்கவீனமுள்ள யாரும் பலி செலுத்தப் பலிபீடத்தண்டை வரக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. குருடன், சப்பாணி, கை முறிந்தவன், கூனன். சாயலாகப் படைத்தவர்தானே இந்தப் பட்டியலையும் கொடுத்தார்?

ஆறு விரல் வருகிறதா என்று தேடினேன். வருகிறது. 2 சாமுவேல் 21:20. காத் ஊரில் நடந்த யுத்தத்தில் கைக்கு ஆறு, காலுக்கு ஆறு என மொத்தம் 24 விரல் உள்ள ஒரு நெட்டையன். எதிரி. இஸ்ரவேலை நிந்தித்தான், வெட்டிக் கொன்றார்கள். அந்தப் பையன் என்றைக்காவது வேதத்தில் தன் கையைத் தேடினால் கிடைக்கப்போவது இந்த ஒருவன்தான்.

பையனின் அம்மாவிடமும் இன்று பேசினேன். விரலை எடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். "தேவன் கொடுத்த ரூபத்தை வெட்டுவது பாவமா டீச்சர்?" என்று அவர் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவுப்பணி | திங்கள், இரவு 9.05

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் பாவம் புண்ணியம் ஒன்றும் இல்லை. நான் பிரசவ வார்டில் இருந்த காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அபூர்வம் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் பக்கம் வருவதில் சிலது எலும்பில்லாமல் தோலோடு மட்டும் ஒட்டியிருக்கும், அதை எடுப்பது சுலபம். எலும்பும் மூட்டும் இருந்தால் எக்ஸ்-ரே எடுத்து, கை அறுவைசிகிச்சை தெரிந்த டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். வீட்டில் நூல் கட்டுவது, சுருக்குப் போடுவது எதையும் செய்ய விடாதீர்கள். ஒன்பது வயதில் அவனுக்கு அந்த விரலால் இடைஞ்சல் உண்டா, அவனுக்கு எடுக்க ஆசையா என்று அவனிடமே கேட்கச் சொல்லுங்கள். அவன் கை அது.

ரப்பர்க்காடு | செவ்வாய், காலை 5.50

முதல் நாள் "தீர்ந்தது" என்று எழுதினேன். மன்னிக்க வேண்டும், தீரவில்லை. பால் எடுத்துக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். இரவுப்பணி அக்கா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பாறசாலை அண்ணன் இதை மனிதன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது என்கிறார். எங்கள் ஆட்களுக்கு அது அப்படி அமையவில்லை. திருவிதாங்கூரில் எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் மாரை மறைத்து மேலாடை போட்டதற்காகத் தெருவில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். 1822-இல் தொடங்கிய அந்தப் போராட்டம் 1859 ஜூலையில் ராஜாவின் அறிவிப்பு வரும்வரை விட்டுவிட்டு நடந்தது. அந்தப் பெண்களைச் சுற்றி இருந்த ஊர் முழுக்க "நீ தீட்டு, தள்ளி நில்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "நீ தேவசாயல்" என்று ஒரு சொல் வந்து விழுந்தது. அவர்கள் கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தது இல்லை அது. வெளியிலிருந்து வந்தது. யாக்கோபு 3:9-இல், தேவசாயலாக உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோமே என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பெண்கள் நினைவுதான் வரும். இந்தச் சொல்லைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்?

பாறசாலை_வாசகன் | செவ்வாய், காலை 9.30

தம்பி, அந்தச் சொல் செய்த நன்மையை மறுக்க மாட்டேன். என் பாட்டியின் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால் அதே சபைகளுக்குள் சாதி பார்த்துப் பெண் கொடுப்பதும் இன்றுவரை நடக்கிறது. சாயல் என்ற சொல்லால் அதை நிறுத்த முடியவில்லை. ஒரு மனிதரை அவமானப்படுத்தினால் அவருக்கு வலிக்கும், அவர் வலியை நான் பார்க்கிறேன், எனக்கு அது போதும். அவர் வேறு யாரைப்போலவோ இருந்தால்தான் மதிப்பு என்று ஏன் வைக்க வேண்டும்?

பையனுக்காக ஒரு தகவல். ஐந்து விரல்தான் கைக்கு ஆதியிலிருந்து வந்த கணக்கு என்று நினைக்கிறோம். நீரிலிருந்து கரைக்கு வந்த நாலுகால் பிராணிகளின் முன்னோர் வரிசையில் அகந்தோஸ்தெகா என்று ஒன்று உண்டு, சுமார் 36 கோடி வருடத்துக்கு முந்தையது. கிரீன்லாந்தில் அதன் புதைபடிவம் கிடைத்தது. அதன் முன்னங்காலில் எட்டு விரல். அதற்கு நெருங்கிய இக்தியோஸ்தெகாவுக்குப் பின்னங்காலில் ஏழு. ஐந்து என்பது பிற்பாடு நிலைத்த எண். அவனிடம் சொல்லுங்கள் டீச்சர், விரல் எண்ணிக்கைக்கு ரொம்பப் பழைய, ரொம்பப் பெரிய கதை உண்டு.

சாமித்தோப்பு_வழி | செவ்வாய், இரவு 7.45

நான் அய்யா வழிக்காரன். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கண்ணாடி என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வழிபாட்டு இடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும், கருவறையான பள்ளியறைக்குள் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். கும்பிடப் போகிறவருக்கு அதில் தெரிவது அவர் முகம்தான். எங்கள் வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்தவர். மேலே தம்பி எழுதிய அந்தக் கொடுமைக் காலம்தான் அவர் வாழ்ந்த காலம். தலையில் துண்டு கட்டக்கூடாது என்று வைத்திருந்த ஆட்களைத் தலைப்பாகையோடு வந்து நிற்கச் சொன்னார். இன்றும் ஆண்கள் தலையில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறோம். அப்படிக் கட்டிய தலை அந்தக் கண்ணாடியில் தெரியும்போது 180 வருடம் முன்பு நின்ற மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இது நடந்தது. நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் 1888-இல், கோயிலுக்குள் விடாத சாதியில் பிறந்த துறவி நாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து லிங்கமாக நிறுவினார். 1927-இல் சேர்த்தலைப் பக்கம் களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். அவர் தவம் இருந்த மருத்துவாழ்மலை எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

சின்ன வயதில் அம்மாவோடு போய்க் கண்ணாடி முன் நின்றபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் முகம் நடுவில் இருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எல்லாருடைய முகமும் தெரிந்தது. மீன் விற்கிற பாட்டி, ஒரு கண் வெள்ளையான தாத்தா, மூக்கு ஒழுகும் ஒரு குழந்தை. அம்மா "கும்பிடு" என்றார். யாரைக் கும்பிடுகிறேன் என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் பார்த்துத்தான் கையெடுத்தேன்.

பாறசாலை_வாசகன் | செவ்வாய், இரவு 8.10

இதற்கு வாதம் செய்ய எனக்கு மனம் இல்லை. நான் குறையாகச் சொன்னதையே, மனிதன் தன் முகத்தைத்தான் பார்க்கிறான் என்பதையே, அவர் வழிபாடாக வைத்திருக்கிறார்.

பழைய_பலகை | புதன், காலை 6.15

தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். எபிரெயம் எனக்குத் தெரியாது. சாயல் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி மட்டும் சொல்லலாமா?

தொல்காப்பியம் உரியியலில் "சாயல் மென்மை" என்று ஒரு நூற்பா வருகிறது. இரண்டே சொல். பழந்தமிழில் சாயல் என்றால் மென்மை. பார்க்க மென்மை, தொட மென்மை, பழக மென்மை எல்லாம் அதில் அடங்கும். ஜாடை, ஒப்பு என்ற பொருள் பின்னால் வந்து வலுத்தது. வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் ஒப்பு என்ற பொருளில்தான் எடுத்திருப்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் 'தேவசாயல்' என்று சத்தமாகச் சொல்லும்போது அந்தப் பழைய மென்மையும் என் காதில் விழுகிறது.

அப்பர் பெருமான் "இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே" என்கிறார். எழுதிக் காட்ட முடியாது என்றே சொல்லிவிட்டார். நம்மாழ்வார் "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியுமல்லன்" என்றார். மறுபக்கம் பொய்கையாழ்வார், அடியார் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அந்த உருவமே அவன் என்று "தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே" என்று பாடினார். நம் மாவட்டத்திலேயே மண்டைக்காட்டில் பகவதி புற்று வடிவில் இருக்கிறாள், நாகர்கோவிலில் நாகராஜா பாம்பு. அங்கே கும்பிடுகிற யாரும் நாம் அவர்களைப்போல இருக்கிறோமா என்று யோசிப்பதில்லை. தெய்வத்துக்கு மனித உருவம் வேண்டும் என்ற கட்டாயம் இந்த மண்ணுக்குப் பழக்கமில்லாதது என்று நினைக்கிறேன்.

டீச்சரின் குழந்தை பார்க்கும் உதாரணத்துக்கு வருகிறேன். அதைக் கைவிட வேண்டாம் அம்மா. சாயல் என்று நாம் எப்போது சொல்கிறோம்? "சும்மா இருந்தா தெரியலை, சிரிக்கும்போது பாட்டி சாயல் அடிக்குது" என்போம். "நடந்து வரும்போது அப்படியே அவங்க அப்பா" என்போம். மூக்கையும் விரலையும் அளந்து சொல்வதில்லை. ஏதோ ஒன்றைச் செய்யும்போது ஒரு நொடி வந்து போகிறது பாருங்கள், அதைத்தான் சாயல் அடிக்கிறது என்கிறோம். இரவுப்பணி அம்மையார் எழுதினாரே, வாளிச் சத்தம் கேட்டு அந்தப் பெண்ணின் முகம் மலரும் என்று. வாசித்தபோது எனக்கு அங்கே அடித்தது.

இரவுப்பணி | புதன், காலை 6.40

ஐயா, இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

தேங்காய்ப்பட்டணம் | புதன், பிற்பகல் 2.30

எங்களிடமும் இந்தப் பேச்சு உண்டு. குர்ஆன் 42:11 அவனைப்போல எதுவும் இல்லை என்கிறது. ஆனால் அல்லாஹ் ஆதமைத் தன் உருவத்தில் படைத்தான் என்று ஒரு நபிமொழியும் இருக்கிறது. அதில் வரும் 'தன்' யாரைக் குறிக்கிறது, அல்லாஹ்வையா, ஆதமையா என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். ஒருவரின் முகத்தில் அடிக்கக்கூடாது என்று தடுக்கும் இடத்திலும் அந்தப் பேச்சு வருகிறது. என் வாப்பா எங்களை எவ்வளவு கோபத்திலும் கன்னத்தில் அடித்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு இந்த நபிமொழியைத்தான் சொன்னார். உருவத்தின் பொருள் அவருக்கும் தெரியாது. கை மட்டும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

எல்லைக்கல் | ஞாயிறு, மாலை 3.50

இன்று வகுப்பு முடிந்து வந்தவுடன் எழுதுகிறேன்.

அந்தத் தாளை நேற்று இரவு எடுத்து, ஓட்டையின் பின்பக்கம் ஒரு துண்டுத் தாளைப் பசை தடவி ஒட்டிவைத்திருந்தேன். வகுப்பு தொடங்கியதும் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "போன வாரம் நான் சரியாகச் சொல்லித் தரவில்லை. கடவுளுக்கு நம்மைப்போல மூக்கும் கையும் இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. உபாகமம் 4:15-இல், தேவன் நெருப்புக்குள்ளிருந்து பேசின நாளில் நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லை என்று மோசேயே சொல்கிறார்." பழைய பலகை ஐயா சொன்ன பாட்டி சிரிப்பையும் சொன்னேன். அது பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. ஆளாளுக்கு யார் எதைச் செய்தால் யார் சாயல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு விரல் பிராணியைச் சொன்னபோது ஒரே கூச்சல்.

"அப்போ கடவுளுக்கு எத்தனை விரல் டீச்சர்?" என்று போன வாரம் சிரித்த பையன்தான் கேட்டான். "தெரியாது" என்றேன். 11 வருடத்தில் வகுப்பில் இந்தச் சொல்லை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

பவுல் எழுதியதும் லேவியராகமப் பட்டியலும் என் மனதில் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், போதகரிடம் கேட்கப் போகிறேன். ரப்பர்க்காடு தம்பி கேட்டாரே, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் எதை வைப்பீர்கள் என்று. எடுக்கவில்லை தம்பி. அதை யார் முகத்திலும் அளவுகோலாக வைக்காமல் சொல்லித் தர முயல்கிறேன்.

பையனின் அம்மா அவனிடமே கேட்டிருக்கிறார். விரல் இருக்கட்டும் என்றானாம். பெரியவனானதும் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஒட்டிய தாளை அவனிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலேயே வரையலாமா?" என்று கேட்டான். மறுபடி வலது கையைப் பழைய கோட்டின்மேல் பொருத்தி வைத்தான். ஒட்டுப்போட்ட இடம் பசையால் மொரமொரப்பாக இருந்ததால் பென்சில் சரியாக ஓடவில்லை. பக்கத்துப் பையன் தாள் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இவன் அந்த விரலைச் சுற்றி நாலைந்து தடவை அழுத்திப் போட்டான். படத்தில் மற்ற ஐந்தையும்விட அதன் கோடுதான் கறுப்பாக இருக்கிறது.